இடது கால் மட்டும் தனியா நடந்து போச்சா?

போன ஞாயித்துக்கிழமை பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். குடும்பத்தோட நார்வே போறாராம், அங்க மலையெல்லாம் ஏறப் போறாராம். "நீதான் இந்த மாதிரி ஊரெல்லாம் சுத்தியிருக்கியே, நல்ல வாட்டர்ப்ரூஃப் ஷூ ஒண்ணு சொல்லுப்பா"ன்னு கேட்டார். அவர் கேட்டது சாதாரணக் கேள்விதான். நான்தான் ஒண்ணேகால் மணி நேரம் பேசிட்டேன். கடைசில, "சரிப்பா, குக்கர் விசில் அடிக்குது"ன்னு வெச்சிட்டார். அவர் வீட்ல குக்கர் வைக்கிறது அவர் இல்லைங்கிறது எனக்கு நல்லாவே தெரியும். சரி, அவர்கிட்ட சொல்லி முடிக்காததை உங்க தலைல கட்டிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க மக்களே.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ஷூ ஒழுகுறது ரெண்டாவது பிரச்னை. முதல் பிரச்னை அந்தப் பெட்டி மேல எழுதியிருக்கிற 'வாட்டர்ப்ரூஃப்'ங்கிற வார்த்தை. அதைப் பாத்த நிமிஷத்துலேர்ந்து நாம நம்ம காலைப் பாக்கிறதையே நிறுத்திடறோம். எனக்கு நடந்தது அதுதான். ஒழுகும்னு தெரிஞ்ச ஷூவோட போயிருந்தா நான் முழுசா நடந்து முடிச்சிருப்பேன்.

2024 ஆகஸ்ட்ல ஸ்காட்லாந்து போயிருந்தோம், நானும் தங்கமணியும். மச்சினன் கிளாஸ்கோல இருக்கான். ரொம்ப வருஷமா, "அத்தான், ஒரு தடவை வாங்க, வெஸ்ட் ஹைலேண்ட் வேல நடக்கலாம்"னு நச்சரிச்சிட்டே இருந்தான். கிளாஸ்கோவுக்குப் பக்கத்துல இருந்து ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் போற நடைபாதை அது. 96 மைல், நம்ம கணக்குல 154 கிலோமீட்டர். 1980ல திறந்தாங்க, ஸ்காட்லாந்துல அதிகாரபூர்வமா அறிவிச்ச முதல் நெடுந்தூர நடைபாதை. கிளம்புற ஊருக்குப் பேரே ஒரு வேடிக்கை. எழுத்துக்கூட்டிப் படிச்சா மில்ன்கேவின்னு வரும், ஆனா ஊர்க்காரங்க சொல்றது மல்கை. திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கினவங்களுக்கு அவங்க ஊர்ப் பேரையே ஒழுங்கா எழுத வரலை பாருங்க :-)

இதுல ஒரு சமாச்சாரம் இருக்கு. எனக்கு ஒன்பது வருஷமா சுகர். பயங்கரமால்லாம் இல்லை, மாத்திரைல ஓடிட்டிருக்கு. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போனப்போ, அவர் ஒரு நைலான் நரம்பு மாதிரி மெல்லிசா ஒண்ணை வெச்சு பாதத்துல அங்கங்க தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?"ன்னு கேட்டார். கண்ணை மூடிக்கிட்டு பதில் சொல்லணும். இடது பாதத்துல சுண்டுவிரல் பக்கம் ரெண்டு இடத்துல அவர் எப்ப தொட்டார்னே எனக்குத் தெரியலை. "நடக்கலாம் சார், நடக்கிறது நல்லதுதான். ஆனா காலை ஈரமா வெச்சிக்காதீங்க, தினம் பாருங்க. உங்களுக்கு வலி வந்து சொல்லாது, நீங்கதான் பாத்து தெரிஞ்சிக்கணும்"னார். அதனாலதான் போய் 11,499 ரூபாய்க்கு வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்கினேன். ஸ்டைலுக்கு வாங்கலை, டாக்டர் சொன்னதுக்கு வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். பெரிய கம்பெனிதான், நீங்களும் பாத்திருப்பீங்க.

ஏப்ரல்ல வாங்கினேன். புது ஷூவைப் போட்டுக்கிட்டு நேரா மலைக்குப் போகக் கூடாதுங்கிற அளவுக்கு விவரம் இருந்துது. பரங்கிமலை படிக்கட்டு, கிண்டி பக்கம் காலைநடை, ஒரு தடவை ஏற்காடு. நாலு மாசத்துல நல்லாப் பழகிடுச்சு, கையுறை மாதிரி உக்காந்துச்சு. ஒரே ஒரு விஷயம்தான் பண்ணலை. அது தண்ணியையே பாக்கலை. மெட்ராஸ்ல மே ஜூன்ல குழாய்லயே தண்ணி வராது, ரோட்டுல எங்கேர்ந்து வரும்? வாட்டர்ப்ரூஃப் ஷூவைக் காஞ்ச ஊர்ல வாங்கி, காஞ்ச ஊர்ல பழக்கி, தண்ணி ஊருக்கு எடுத்துட்டுப் போய் முதல் பரீட்சை வெச்சா எப்படி இருக்கும்? இது ஷூவோட தப்பு இல்லை, என் தப்பு. ஒத்துக்கறேன்.

முதல் நாள் டிரைமன் வரைக்கும் 19 கிலோமீட்டர். தூறல் மட்டும்தான். ரெண்டாம் நாள் கோனிக் ஹில். 361 மீட்டர்தான், நம்ம ஊர் மலைகளோட பாத்தா ஒண்ணுமேயில்ல, ஆனா மேலேர்ந்து லோமண்ட் ஏரி முழுசா விரியும். பிரிட்டன் தீவுலயே பரப்பளவுல பெரிய ஏரி. அது விரியுறதுக்குள்ள மழை வந்து திரை போட்டுடுச்சு. சாயங்காலம் ரோவார்டெனன்ல வந்து ஷூவைக் கழட்டினா இடது சாக்ஸ் ஈரம். "வேர்வையா இருக்கும்"னேன். இந்த 'வேர்வையா இருக்கும்' ஒரு மாபெரும் சமாதானம். வாட்டர்ப்ரூஃப் ஷூ வெச்சிருக்கிற எல்லாருமே ஒரு தடவையாவது சொல்லியிருப்பாங்க. வலது சாக்ஸ் ஏன் காஞ்சிருக்குன்னு யோசிச்சிருக்கணும். வலது காலுக்கு மட்டும் வேர்க்காதா என்ன?

மூணாம் நாள்தான் வெச்சு செஞ்சுது. ரோவார்டெனன்லேர்ந்து இன்வெரார்னன் வரைக்கும் ஏரிக்கரையோரமா 22 கிலோமீட்டர். பாதைன்னு சொல்றதே மரியாதைக்குத்தான். வேர், பாறை, நடுநடுவுல மலைலேர்ந்து இறங்கி வர ஓடை. முழுக்க மழை. மத்தியானத்துக்கு மேல இடது கால் ஒரு மாதிரி மரத்துப்போச்சு. குளிர்லன்னு நெனச்சேன். தங்கமணி, "என்னங்க, காலை இழுத்து இழுத்து நடக்கிறீங்க"ன்னா. "வாட்டர்ப்ரூஃப் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது"ன்னு நான் சொன்ன பதில் இன்னிக்கும் வீட்ல சமயம் கெடைக்கிறப்பல்லாம் எனக்கே திருப்பிச் சொல்லப்படுது.

ராத்திரி ரூம்ல கழட்டிப் பாத்தா, ஷூவைச் சாய்ச்சா தண்ணி ஊத்துது. பாதம் முழுக்க வெள்ளையா, ரொம்ப நேரம் துணி துவைச்ச கை மாதிரி சுருங்கிப் போயிருக்கு. சுண்டுவிரலுக்குக் கீழ ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு கொப்புளம் வந்து, அதுவும் உடைஞ்சு, தோல் தனியா ஒதுங்கி, சாக்ஸ்ல ரத்தம். எனக்கு வலிக்கவே இல்லை. மக்களே, அதுதான் பயமா இருந்துச்சு. வலிச்சிருந்தா ஊளையிட்டிருப்பேன், தைரியமா இருந்திருப்பேன். இவ்வளவு பெரிய காயம், எத்தனை மணிக்கு வந்துச்சுன்னே தெரியாம, அதும்மேல பத்து பன்னெண்டு கிலோமீட்டர் நடந்திருக்கேன். ரெண்டு பேரும் கட்டில் விளிம்புல உக்காந்து பேசாம காலையே பாத்துட்டிருந்தோம்.

அங்க ராத்திரி ஒன்பதுன்னா இங்க ஒண்ணரை. டாக்டரை எழுப்ப மனசு வரலை. காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, காலைல ஆறு மணிக்கு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பினேன். அவர் அப்பதான் கிளினிக்ல உக்காந்திருப்பார். பத்து நிமிஷத்துல போனே பண்ணிட்டார். "சார், நடந்தது போதும். இதுக்கு மேல ஈரத்துல கால் வெச்சா நான் பொறுப்பில்லை"ன்னார். அதோட ஒரு ஆன்டிபயாட்டிக் பேரும் சொன்னார். புறப்படறப்போ அவரே எழுதிக் குடுத்து பைல வெச்சிருந்த மாத்திரைதான். சுகர்காரங்க வெளிநாட்டுப் பயணம் போறப்போ டாக்டர்கிட்ட கேட்டு இதை வாங்கிட்டுப் போங்க, அங்க போய் தேட முடியாது.

போற வழியில டைன்ட்ரம்னு ஒரு ஊர். மொத்த ஊரும் நம்ம பக்கம் ஒரு தெரு அளவுதான் இருக்கும், ஆனா ரெண்டு ரயில்வே ஸ்டேஷன்! ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, வேற வேற லைன்ல. அங்க ரோட்டோரமா ஒரு கடை, பேர் 'கிரீன் வெல்லி ஸ்டாப்'. வெல்லின்னா நம்ம கம்பூட். பச்சை கம்பூட் நிறுத்தம். இந்த ஊர்க்காரங்க எதை நம்புறாங்கன்னு கடைப் பேர்லயே தெரிஞ்சிடுச்சு பாருங்க. ரப்பர். முழு ரப்பர். சவ்வாவது, கிவ்வாவது.

டைன்ட்ரம் வரைக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டரை டாக்சில போனோம். அங்க ஒரு நாள் படுத்துக் கிடந்துட்டு, மேல் டைன்ட்ரம் ஸ்டேஷன்ல ஃபோர்ட் வில்லியம் ரயிலைப் பிடிச்சோம். நடக்க வேண்டிய மீதி 70 கிலோமீட்டரை ரயில்ல போனேன். அதுலதான் ரன்னக் மூர் வரும். நான் இந்தப் பயணம் போனதே அதுக்காகத்தான். மரமே இல்லாத பெரிய சதுப்பு வெளி, பாறையும் குட்டையும் புல்லுமா கண்ணுக்கெட்டின தூரம் கிடக்கும். நடைபாதை அதோட மேற்கு ஓரத்துல போகும், ரயில் கிழக்குப் பக்கம். நான் கண்ணாடி வழியா கிழக்குப் பக்கத்தைப் பாத்துட்டே போனேன்.

அந்த ரயில் பாதையைப் பத்தி ஒரு விஷயம். 1894ல திறந்தாங்க. சதுப்பு நிலத்துல என்ன போட்டாலும் முழுகிப் போகுது. அதனால மரவேர், குச்சி, சுள்ளி எல்லாத்தையும் பாய் மாதிரி பரப்பி, அதும்மேல மண்ணும் சாம்பலும் கொட்டி, அந்த மெத்தை மேல தண்டவாளத்தை மிதக்க விட்டிருக்காங்க. இன்னிக்கும் அதும்மேலதான் ரயில் ஓடுது. தண்ணி இருக்கும், அதை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒத்துக்கிட்ட இன்ஜினியர்கள். என் ஷூவைப் பண்ணினவங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லை.

சரி, இந்த வாட்டர்ப்ரூஃப்னா என்னதான் பண்றாங்க? எனக்கும் அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுது. மேல் துணிக்கும் உள்துணிக்கும் நடுவுல, சாக்ஸ் வடிவத்துல ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு. 1969ல அமெரிக்காவுல பாப் கோர்ங்கிறவர், டெஃப்ளான்னு நாம தோசைக்கல்லுல பாக்கிற அதே பொருளை சூடு பண்ணி வெடுக்குனு இழுத்துப் பாத்தார். உடையறதுக்குப் பதிலா அது நீண்டு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைகளோட ஒரு படலமா ஆயிடுச்சு. தண்ணிச் சொட்டு உள்ள வர முடியாது, ஆவி வெளிய போயிடும். அதுதான் கோர்-டெக்ஸ். (என் ஷூல இருந்தது அது இல்லை, கம்பெனி சொந்தமா பண்ணின வேற சவ்வு. யாரும் சண்டைக்கு வந்துடாதீங்க.) அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனா சவ்வு நல்லாயிருந்தா மட்டும் போதாது. அதைக் கால் வடிவத்துக்கு வெட்டி ஒட்டணும், ஒட்டின தையல் மேலெல்லாம் டேப் போடணும். அந்த டேப் ஒரு இடத்துல சரியா ஒட்டலைன்னா கதை முடிஞ்சுது. அதோட நடக்கிறப்போ விரல் மடங்குற இடத்துல சவ்வும் சேந்து மடங்குது, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. நடுவுல மணல் துணுக்கு புகுந்தா உப்புத்தாள் வேலை பாக்கும்.

ஆவி வெளிய போறது கூட சும்மா நடக்காது. உள்ள சூடா ஈரமா, வெளிய குளிர்ச்சியா காய்ஞ்ச காத்தா இருந்தாதான் நல்லாப் போகும். மெட்ராஸ்ல வெளியவே உள்ள மாதிரிதான் இருக்கு, எங்க போகும்? அதனால தமிழ்நாட்டுச் சமவெளியில வாட்டர்ப்ரூஃப் ஷூ போட்டு நடக்கிறவங்க காலுக்கு குக்கர் போட்டுக்கறாங்கன்னுதான் சொல்லுவேன். நானும் நாலு மாசம் போட்டேன்.

இன்னொண்ணு. ஒழுகுற வாட்டர்ப்ரூஃப் ஷூ, சாதாரண ஷூவை விட மோசம். சாதா வலைத்துணி ஷூல தண்ணி வரும், போகும், ரெண்டு மணி நேரம் நடந்தா பாதி காஞ்சிடும். இதுல உள்ள போன தண்ணி வெளிய வராது. எந்தச் சவ்வு தண்ணியை உள்ள விடாதுன்னாங்களோ, அதே சவ்வு வெளிய விடாது! அன்னிக்கு ராத்திரி பூரா பேப்பர் திணிச்சு வெச்சேன், காலைல பேப்பர்தான் ஊறியிருந்துச்சு, ஷூ காயலை. ஹீட்டர் மேல வைக்கலாம்னு தங்கமணி சொன்னா, பசை விட்டுடும்னு நான் தடுத்துட்டேன். அன்னிக்கு நான் சரியா பண்ணினது அது ஒண்ணுதான்.

மச்சினன் இதை ஒத்துக்கவே மாட்டேங்கறான். "அத்தான், ஒரு டுபாக்கூர் ஷூவை வெச்சு எல்லாத்தையும் திட்டாதீங்க. பனில நடந்து பாருங்க, வலைத்துணி ஷூவோட அரை மணி நேரம் தாங்க மாட்டீங்க"ங்கறான். அதுல நியாயம் இருக்கு. பனி, கடுங்குளிர், ஈரப் புல்லுல சின்ன நடைன்னா சவ்வு வேணும்தான். நான் சொல்றது நாள் பூரா மழைல, ஓடை தாண்டி, நாள் கணக்கா நடக்கிறதைப் பத்தி. அமெரிக்காவுல அப்பலாச்சியன் ட்ரெயில் மாதிரி மாசக்கணக்கா நடக்கிறவங்கள்ல நிறைய பேர் வாட்டர்ப்ரூஃபே இல்லாத லேசான ஓட்டப்பந்தய ஷூ மாதிரி ஒண்ணைத்தான் போடறாங்க. நனையும்னு அவங்களுக்குத் தெரியும். அதனால உக்காருற இடத்துலல்லாம் கழட்டறாங்க, சாக்ஸ் மாத்தறாங்க, காலைப் பாக்கறாங்க. நான் பண்ணாதது அதைத்தான்.

இப்ப கம்பெனி கதைக்கு வரேன். இதுக்குத்தான் ரத்தக் கொதிப்பே.

இன்வெரார்னன்ல இருந்தே போட்டோவோட மெயில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில்: 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், ஏழு நாட்களுக்குள் ஷூவை எங்கள் கிடங்குக்கு அனுப்பவும்.' கிடங்கு இருக்கிறது இந்தியாவுல. நான் ஸ்காட்லாந்துல இருக்கேன்னு மெயிலோட முதல் வரிலயே எழுதியிருந்தேன். அங்கேயும் அதே கம்பெனி ஷூ விக்குதே, அந்தக் கடைல குடுக்கலாமான்னு கேட்டா, 'வாங்கிய நாட்டில் மட்டுமே வாரண்டி.' பேர் மட்டும் உலகம் பூரா ஒண்ணு, பொறுப்பு மட்டும் தாலுகா வாரியா.

மச்சினன் அப்பதான் அவங்க ஊர் சட்டத்தைச் சொன்னான். பிரிட்டன்ல 2015ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளைக்குள்ள திருப்பிக் குடுத்து முழுப் பணத்தையும் கேக்கலாம். அதுக்கப்புறமும், ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது விக்கிறப்பவே இருந்ததாத்தான் எடுத்துப்பாங்க, இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரன். பொறுப்பும் வித்த கடையோடதுதான், கம்பெனியைப் பாருன்னு கை காட்ட முடியாது. கேக்க நல்லா இருக்கு. அப்ப அங்கயே போய் வாங்கிடலாமான்னா, புது ஷூவை முதல் நாளே 19 கிலோமீட்டர் நடத்தினா அது வேற மாதிரி கொப்புளம். முன்னெல்லாம் சுற்றுலாப் பயணிங்களுக்கு வாட் வரியாவது திரும்ப வரும், 2021 ஜனவரி 1லேர்ந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல வாங்கி எடுத்துட்டு வரதுக்கு அதையும் எடுத்துட்டாங்க. பழகணும்னா இங்க வாங்கணும், சட்டம் வேணும்னா அங்க வாங்கணும். ரெண்டுல ஒண்ணுதான்.

டிராவல் இன்ஷூரன்ஸ்? படிச்சுப் பாத்தேன். பெட்டி தொலைஞ்சா உண்டு. பெட்டிக்குள்ள இருக்கிற பொருள் மட்டமா இருந்தா கிடையாது. பொருளோட சொந்தக் குறைக்கும் தேய்மானத்துக்கும் நாங்க பொறுப்பில்லைன்னு பொடி எழுத்துல போட்டிருந்துச்சு.

ஊருக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையா பாத்ரூம்ல பரீட்சை வெச்சேன். ரெண்டு ஷூவையும் நல்லாக் காயவெச்சு, உள்ள தண்ணி ஊத்தி, கீழ நியூஸ்பேப்பர் விரிச்சு நிக்க வெச்சேன். பையன் வீடியோ எடுத்தான். வலது ஷூ ராத்திரி பூரா ஒரு சொட்டு விடலை. இடது ஷூல மூணு நிமிஷத்துல சுண்டுவிரல் பக்கமா பேப்பர்ல ஈரம் படர ஆரம்பிச்சுது, பத்து நிமிஷத்துல குட்டை. தெருமுனைல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட காட்டினேன். கையை உள்ள விட்டு தடவிப் பாத்தவர், "சார், உள்ள ஒரு பை மாதிரி இருக்குல்ல, அதுல ஒட்டின பட்டை இங்க பிச்சிக்கிட்டிருக்கு. நான் ஊசி போட்டா இன்னும் நாலு ஓட்டை விழும், வேணாம்"னார். பத்து பைசா வாங்கிக்கலை. இந்த ஒரு நிமிஷ ஆராய்ச்சியை கம்பெனியால மூணு வாரத்துல பண்ண முடியலை.

பார்சல் அனுப்பினேன். பதினெட்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு.

"சார், செக் பண்ணிட்டோம் சார். இது நார்மல் வேர் அண்ட் டியர் சார். நீங்க நாலு மாசம் யூஸ் பண்ணியிருக்கீங்க சார்."

"தம்பி, வலது ஷூவும் ஒழுகுதா?"

"இல்ல சார். அது நல்லா இருக்கு சார்."

"அப்ப என் இடது கால் மட்டும் தனியா நாலு மாசம் நடந்து போச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாவம், அந்தத் தம்பி சிரிப்பை அடக்கிட்டிருந்தான்னு நெனைக்கறேன். அப்புறம் "மேலதிகாரிகிட்ட சொல்றேன் சார்"ன்னு வெச்சிட்டான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். எழுதிக் குடுத்ததைப் படிக்கிறதுதான் அவன் வேலை.

ஆனா இந்த 'வேர் அண்ட் டியர்' இருக்கே, அதை நாம சும்மா விடக் கூடாது. தேய்மானம்னா ரெண்டு பக்கமும் தேயணும். அடிப்பகுதி தேஞ்சிருக்கணும், குதிகால் தேஞ்சிருக்கணும். ஒரு பக்கம் மட்டும், அதுவும் உள்ள ஒட்டின இடத்துல பிரிஞ்சிருந்தா அது செய்றப்பவே இருந்த குறை. நாம கேக்க மாட்டோம்ங்கிற தைரியத்துல சொல்ற பதில் இது. ஒரு ஜாக்கெட் வாங்கினா 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர்னு எவ்வளவு உயரத் தண்ணியைத் தாங்கும்ங்கிற எண்ணாவது போடறாங்க. என் ஷூ பெட்டில அது கூட இல்லை. வெறும் 'வாட்டர்ப்ரூஃப்'. எவ்வளவு தண்ணிக்கு, எத்தனை மாசத்துக்கு? எண்ணே போடாதவங்க தேய்மானத்தை மட்டும் எப்படி அளந்தாங்க?

மறுநாள் 1915க்கு போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண். நம்பிக்கையே இல்லாமதான் போட்டேன். பொறுமையா கேட்டு பதிவு பண்ணிக்கிட்டாங்க, தமிழ்லயே பேசினாங்க. பில், வீடியோ, கம்பெனி பதில் எல்லாத்தையும் சேத்து விட்டேன். இதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்னு மெயில்ல ஒரு வரியும் எழுதினேன். சும்மா பூச்சாண்டி இல்லை. 2020 ஜூலைல நடைமுறைக்கு வந்த 2019 சட்டப்படி, நாம குடியிருக்கிற ஊர்லயே வழக்கு போடலாம். முந்தி 1986 சட்டத்துல எதிராளி இருக்கிற ஊருக்கோ, விவகாரம் நடந்த ஊருக்கோ அலையணும். அஞ்சு லட்சம் வரைக்குமான பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயே போடலாம்.

ரெண்டு வாரத்துல கம்பெனிகிட்டேர்ந்து மெயில். 'நல்லெண்ண அடிப்படையில்' புது ஜோடி அனுப்பறாங்களாம். நல்லெண்ணமாம்! சரி, வந்த வரைக்கும் லாபம்னு எடுத்துக்கிட்டேன். தங்கமணிக்கு இதுல இன்னும் கோவம். "ஷூ காசு குடுத்துட்டாங்க, ரன்னக் மூர் காசு யார் குடுப்பா? முன்கூட்டியே கட்டின மூணு ராத்திரி ரூம் வாடகை?"ன்னா. அவ சொன்னது சரி. அதையும் சேத்துக் கேட்டிருக்கணும், ஆணையத்துக்கே போயிருக்கணும். அப்ப கால்ல கட்டோட சோர்ந்து போயிருந்தேன், வந்ததை வாங்கிட்டு வாயை மூடிட்டேன். காயம் ஆற ஏழு வாரம் ஆச்சு. வெறும் கொப்புளம் சார், ஏழு வாரம். தினம் டிரெஸ்ஸிங். சுகர் இருக்கிறவங்களுக்குப் புரியும்.

நார்வே நண்பருக்கு இதுல பாதிதான் சொன்னேன், அதுக்குள்ள குக்கர் விசில். அவர் நடுவுல ஒண்ணு சொன்னார்: "2016ல ஒரு ஷூ வாங்கி பெட்டியோட பரண்ல வெச்சிருக்கேன், ஒரு தடவை கூட போடலை, புத்தம் புதுசு, அதையே எடுத்துட்டுப் போகட்டுமா?" ஐயா, வேண்டவே வேண்டாம். நிறைய ஷூல அடிப்பகுதிக்கு மேல பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இருக்கும், பாலியூரித்தேன். அது போட்டாதான் கெடும்னு இல்லை. சும்மா வெச்சிருந்தாலே காத்து ஈரத்துல உள்ளுக்குள்ள உதிரும், அதுவும் நம்ம கடலோர ஊர்ல சூட்டுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரமாவே. வெளிலேர்ந்து பாத்தா பளபளன்னு இருக்கும், ரெண்டு மணி நேரம் நடந்தா அடிப்பாகம் தனியா கழண்டு வாய் பிளக்கும். போறதுக்கு முன்னாடி கட்டை விரலால அழுத்திப் பாருங்க, நாலு நாள் தெருவுல நடந்து பாருங்க.

புது ஷூவை வாங்கினாலும் அப்படித்தான். பில்லை போட்டோ எடுத்து வெச்சிட்டு, வாங்கின வாரமே பக்கெட்ல கணுக்காலுக்குக் கீழ வரைக்கும் தண்ணி விட்டு, காலை ஷூவோட உள்ள வெச்சு அரை மணி நேரம் உக்காருங்க. வீட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். விசா அப்பாயின்ட்மெண்ட்டுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, மாத்துறதுக்கு நாள் இருக்கும். பயணத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாருங்க, மழை இல்லைன்னாலும். ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் பிளாஸ்டிக் பைல தனியா இருக்கட்டும். அவசரத்துக்கு அந்த பிளாஸ்டிக் பையையே சாக்ஸ் மேல மாட்டிக்கிட்டு ஷூவைப் போட்டுக்கலாம், ஒரு அரை நாள் ஓட்டிடலாம். அசிங்கமா இருக்கும், வேர்க்கும், ஆனா மூணாம் நாள் இதை மட்டும் பண்ணியிருந்தா நான் ரயில் ஏறியிருக்க மாட்டேன்.

கம்பெனி அனுப்பின புது ஜோடி போன வருஷம் ஜனவரில வந்துச்சு. பெட்டி மேல அதே பெரிய எழுத்து. பிரிச்சதும் நேரா பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போய் பேப்பர் விரிச்சேன். காலைல தங்கமணி எழுந்து வந்து, "குளிக்கணும், உங்க ரெண்டு குழந்தைகளையும் நகத்துங்க"ன்னா. ரெண்டு ஷூலயும் ராத்திரி ஊத்தின தண்ணி அப்படியே இருந்துச்சு, பேப்பர்ல சொட்டு ஈரம் இல்லை. இப்ப அது வருஷக்கணக்கா ஷூ ஸ்டாண்டுல நிக்குது. மச்சினன் அடுத்த செப்டம்பருக்கு டைன்ட்ரம்லேர்ந்து மீதியை நடக்கலாங்கறான். டாக்டர்கிட்ட இன்னும் கேக்கலை.